வாசல் நிலையும் வாழ்வோர் கடமையும்: மெசூசா பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஹெந்தளையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைக்கு வரும் ஒருவர், வழியிலுள்ள வாசல்களை மட்டும் நோக்கிக்கொண்டு வருவாராயின், வீடுகளில் வாழ்வோர் யாவர் என்பதைப் பெரும்பாலும் எவரையும் கேளாமலே அறிந்துகொள்வார். ஒரு வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். அடுத்ததிற் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்து செருகிய ஓலைச் சிலுவை. பிறிதொன்றிற் கதவுக்கு மேலே அரபு எழுத்தில் ஒரு திருமறை வாக்கியம். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் நிலை இதுவே. சுவரும் கூரையும் சேர்ந்து கட்டடமாகின்றன. ஆயின் அக்கட்டடம் 'இன்னாருடைய வீடு' ஆவது வாசலிலேயே எனலாம்.

இவ்வாசற் குறிகளுள் மிகப் பழையதும், முற்றாக எழுத்தாலே ஆனதுமாகிய ஒன்றை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். யூதர் தம் வீட்டு நிலையிற் பொருத்தும் 'மெசூசா'வே அது. இதனைத் தமிழாய்வுக்குப் புறம்பான பொருளெனச் சிலர் கருதக்கூடும். எனினும், ஒருவருக்கு ஒரு வீட்டின் மீதுள்ள உறவு உடைமையால் வருவதா, ஆட்சியாளரின் கொடையால் வருவதா, வாழ்தலால் வருவதா என்னும் வினாவை இச்சிறு பொருள் எழுப்புகின்றது. எமது கடற்கரையோடு தொடர்புடைய பழைய செப்பேடு ஒன்றும் அவ்வினாவுக்குள் வந்து சேர்கின்றது.

எழுத்தும் தேர்வும்

'மெசூசா' என்னும் எபிரேயச் சொல்லின் மூலப்பொருள் கதவுநிலை என்பதே. நிலையைக் குறித்த சொல் காலப்போக்கில் நிலையிற் பொருத்தப்படும் பொருளுக்கு ஆகிவந்தது. இவ்வழக்கத்தின் அடிப்படை உபாகமத்தின் 6ஆம், 11ஆம் அதிகாரங்களில் உள்ளது. இறைக்கட்டளைகளை வீட்டு நிலைகளில் எழுதுக என்னும் பணிப்பு அவ்விரு இடங்களிலும் வருகின்றது. நிலையிலேயே எழுதுவதா, எழுதியதை நிலையிற் பதிப்பதா என்பதில் மரபுகள் வேறுபட்டன. சமாரியர் கல்லிற் பொறித்தனர். யூதர் தோலில் எழுதினர். சாக்கடலருகே கும்ரான் குகைகளிற் கிடைத்த ஏடுகளிடையே மெசூசாத் தோல்களும் இருந்தமையால், இவ்வழக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையதென்பது உறுதியாகின்றது.

இன்று மெசூசா ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செல்வோரின் கண்ணிற் முதலிற் படுவது அதன் உறையே. மரம், வெள்ளி, பித்தளை, கண்ணாடி எனப் பலவகை உறைகள் உண்டு. ஆயின் சமய விதி உறையைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. உள்ளிருக்கும் தோலேடே அதன் அக்கறை. உண்ணத்தகுந்ததெனச் சமயம் அனுமதித்த விலங்கின் தோலைப் பதனிட்டு, கோடிட்டு, பயிற்சி பெற்ற எழுத்தர் இறகுப் பேனாவாலும் கருமையாலும் எழுதவேண்டும். வழக்கமாக 22 வரிகள். மொத்தம் 713 எழுத்துகள். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைத் தொடலாகாது. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெற்றுத்தோல் இருத்தல் வேண்டும். எழுத்துகள் வரிசை பிறழாது எழுதப்படவேண்டுமாதலால், விடுபட்ட எழுத்தைப் பின்னர் இடையிற் செருகவும் இயலாது. அச்சிட்ட தாள் எவ்வளவு அழகாயினும் செல்லாது. ஓர் எழுத்துக் குறைந்தாலும் ஏடு முழுவதும் பயனற்றதாகும். வீட்டிற் பொருத்திய பின்னரும் ஏழாண்டுக்கு இருமுறை எடுத்து, எழுத்து அழிந்ததா, வெடித்ததா எனப் பார்க்கவேண்டும். ஏட்டுச்சுவடி பிரதிசெய்த எமது மரபை அறிந்தோருக்கு இக்கவனம் புதிதன்று. ஆயின் பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் உரிமை எமது ஏடெழுதுவோர்க்கு இருந்தது.

இவ்வாறு எழுத்தே முதன்மை பெற்ற ஒரு பொருள், மக்கள் வழக்கிற் காப்புத் தகடாகவும் கருதப்பட்டமை இயல்பே. பார்த்திய அரசன் அர்த்தபான் அனுப்பிய விலைமதிப்பற்ற முத்துக்கு ஈடாக யூத அறிஞர் ஒருவர் மெசூசா ஒன்றை அனுப்பினார் என்றும், 'நீ தந்ததை நான் காக்கவேண்டும்; நான் தந்தது உன்னைக் காக்கும்' என்னும் கருத்துப்பட விளக்கினார் என்றும் தல்மூத் மரபிற் கதை உண்டு. இடைக்காலத்திற் சிலர் தேவதூதரின் பெயர்களையும் ஏட்டினுள் எழுதலாயினர். மைமோனிடீஸ் (1138–1204) இதனைக் கடுமையாகக் கண்டித்தார். இறைவனின் ஒருமையை நினைவூட்டும் எழுத்தைத் தம் நன்மைக்கான தாயத்தாக்குவோர் அறிவீனர் என்பது அவர் கருத்து. பகுத்தறிவுக்கும் அச்சத்துக்கும் இடையிலான பூசல் ஒரு சாண் தோலின் மீதும் நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

யாருடைய கடமை?

மெசூசா உள்ளே நுழைபவரின் வலப்புற நிலையில், மேல் மூன்றிலொரு பகுதியின் அடியிற் பொருத்தப்படுகின்றது. அதனை நிமிர்த்தி வைப்பதா, கிடையாக வைப்பதா என்பதில் பிரான்சிய உரைகாரரான ராஷியும் அவர் பெயரராகிய ரப்பேனு தாமும் மாறுபட்டனர். பாட்டனும் பெயரனும் கொண்ட மாறுபாட்டுக்கு ஐரோப்பிய யூதர் கண்ட தீர்வு அதனைச் சரித்து வைத்தலாகும். ஸ்பானிய மரபினரோ நிமிர்த்தியே வைத்தனர். இரு தரப்பையும் முற்றாக மறுக்காத அச்சாய்வு இன்றும் பல வாசல்களிற் காணப்படுகின்றது.

சமூக வரலாற்று நோக்கில் இவற்றினும் முதன்மையானது பிறிதொரு விதி. மெசூசா வீட்டுக்குரியவரின் கடமையன்று. வீட்டில் வாழ்பவரின் கடமை என்பது தல்மூத்தின் முடிபு. வாடகை வீடாயின் வாடகைக்கு இருப்பவரே அதனை வாங்கிப் பொருத்தவேண்டும். யூத நாட்டுக்கு வெளியே வாடகைக்குக் குடிபுகுவோர்க்கு 30 நாள் தவணை உண்டு. அதன்பின் அவர் வழிப்போக்கரல்லர், அவ்வீட்டில் வாழ்பவர். கப்பலின் அறைக்கும், கூடாரப் பண்டிகைக்கு இடும் தற்காலிகக் கொட்டிலுக்கும் மெசூசா வேண்டியதில்லை. வீட்டைவிட்டு நீங்கும்போது, அடுத்து வருவோரும் யூதராயின், பொருத்தியதைக் கழற்றிச் செல்லலாகாது.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கும்போது ஒரு தெளிவான கருத்து உருப்பெறுகின்றது. உறுதிப்பத்திரம் யார் பெயரிலிருப்பினும், ஓரிடத்தில் உண்டு உறங்கி வாழ்வதே அவ்விடத்தோடு மனிதருக்குப் பொறுப்பை உண்டாக்குகின்றது. நாடிழந்து, நிலம் வைத்திருக்கும் உரிமை பல நாடுகளில் மறுக்கப்பட்டு வாழ்ந்த மக்கள், இக்கருத்தைப் பேணி வந்தமை வியப்பன்று.

செப்பேடும் நிலையும்

கப்பலில் வந்த வணிகர் எப்போது வீட்டில் வாழும் குடிகளாயினர் என்னும் வினாவுக்கு எமக்கு மிக அணித்தாகவுள்ள சான்று மலையாளக் கரையிலுள்ளது. 849இல் வழங்கப்பட்ட கொல்லத்துச் செப்பேட்டில் அரபு, பஹ்லவி ஒப்பங்களோடு, எபிரேய எழுத்தில் யூதச் சாட்சிகள் இட்ட ஒப்பங்களும் காணப்படுகின்றன. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு மேலும் ஒரு படி செல்கின்றது. வட்டெழுத்தில், அக்காலச் சேரநாட்டுத் தமிழ்சார்ந்த மொழியில் அமைந்த அவ்வேடு, அஞ்சுவண்ணத்தோடு 72 வீடுபேறுகளையும் அவருக்கும் அவர் மக்கள், மருமக்கள் வழியினர்க்கும் உரியவாக்குகின்றது. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம் ஆகியவற்றோடு இடுபடி, தோரணம், தோரணவிதானம் என்பனவும் அதில் எண்ணப்பட்டுள்ளன.

இறுதியாகக் கூறிய மூன்றும் வாசலைச் சார்ந்தன என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தெருவில் நிற்பவர் காணுமாறு வாசலை அலங்கரிக்கும் உரிமை எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. நிலவுடைமைச் சமூகத்தில் தோரணம் ஒரு தகுதிக்குறி. அரசன் கொடுத்தாலன்றிக் கட்டலாகாது. ஆகவே கொடுங்கல்லூர் யூதரின் வாசலுக்கு இரு அடையாளங்கள் வாய்த்தன. ஒன்று அரசன் கொடையாய் வந்த தோரணம். மற்றையது எவர் அனுமதியும் வேண்டாது வாழ்தலாலே வந்த மெசூசா.

இவற்றுள் முன்னையது ஆட்சியின் நிலைபேற்றைப் பொறுத்தது. சேரப் பேரரசு சிதைந்தது. கொடுங்கல்லூர்த் துறை தன் சிறப்பை இழந்தது. போர்த்துக்கேயர் காலத்துப் பூசல்களிடையே யூதர் கொச்சி அரசனை அடைந்தனர். மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்த நிலத்தில் 1568இல் பரதேசி யூதப் பள்ளி எழுந்தது. 1662இல் அது போர்த்துக்கேயராற் சேதமுற்று, ஒல்லாந்தர் ஆட்சியிற் புதுப்பிக்கப்பட்டது. செப்பேடு அப்பள்ளியிற் பேணப்பட்டது. அது வழங்கிய தோரண உரிமையோ பழங்கதையாயிற்று. நிலையின் சிறு ஏடு மட்டும் குடியிருப்போர் செல்லுமிடமெல்லாம் அவரோடு சென்றது.

வாசலுக்கு வெளியே

கொச்சி யூத சமூகத்தை நாம் இலட்சியப்படுத்தலாகாது. ஒரே ஏடு எல்லா வீட்டு நிலைகளிலும் இருந்தபோதும், பள்ளியின் வாசல் எல்லோர்க்கும் ஒரேவகையாகத் திறந்திருக்கவில்லை. பரதேசிகளெனப்பட்ட வெள்ளை யூதர், பழங்குடியினரான மலபார் யூதரோடு மணவுறவு கொள்ளவில்லை. விடுதலைபெற்ற அடிமைகளின் வழிவந்தோர், பரதேசிப் பள்ளியின் உள்ளே இருக்கை பெறாது வெளிமண்டபத்திலும் படிக்கட்டிலும் அமர வைக்கப்பட்டனர். சுற்றியிருந்த சாதிச் சமூகத்தின் ஒழுங்கு, ஒருமையைப் போதிக்கும் ஏட்டையும் கடந்து உட்புகுந்துவிட்டது.

அவர்களுள் ஒருவராகப் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம் (1882–1967), காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி இப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடினார். வைக்கத்தில் 1924–25இற் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்காக நடந்த சத்தியாக்கிரகமும், மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளியின் உள்ளிருக்கைக்காக நடந்த போராட்டமும் ஒரே சமூக அமைப்பை எதிர்த்தவையே. வாசலைக் கடக்கும் உரிமை என்பது அக்காலக் கேரளத்தின் பொதுப் பிரச்சினையாக இருந்தது.

1950களில் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் துரத்தப்பட்டவரல்லர், சமய நம்பிக்கையும், புதிய நாட்டின் ஈர்ப்பும், பொருளாதார நிலைமைகளும் அவர்களை அழைத்துச் சென்றன. இன்று மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வீடுகள் பல கைவினைப் பொருட் கடைகளாயுள்ளன. சில கதவுநிலைகளில் மெசூசா இருந்த தடம் மட்டும் எஞ்சியுள்ளது.

எமது வாசல்கள்

இலங்கையின் நிலை வேறானது. இங்கு அரசனுக்கிருந்த பதினாறு அமைச்சருள் நால்வர் யூதர் என அல் இத்ரீசி 12ஆம் நூற்றாண்டில் எழுதினார். புசல்லாவையில் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தை உருவாக்கிய டி வேம்ஸ் சகோதரரும், 1904 முதல் 1911 வரை குடியியற் சேவையிலிருந்த லெனார்ட் வூல்ஃபும் யூதரே. ஆயினும் கொச்சியைப் போன்று தலைமுறை தலைமுறையாக ஊன்றிய யூதக் குடியிருப்பு இங்கு உருவாகவில்லை. எனவே ஹெந்தளை வாசல்களில் நாம் மெசூசாவைத் தேடவில்லை. அது எழுப்பும் வினாவையே தேடுகின்றோம்.

அவ்வினா எமக்கு அந்நியமானதன்று. யாத்திராகமத்தின் கதையில், நிலையிற் பூசிய குருதியைக் கண்டு அழிவு அவ்வீட்டைக் கடந்து சென்றது, வாசற்குறி உயிர்காத்தது. 1983 யூலையில் கொழும்பில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. தாக்க வந்தோரிற் பலர் வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்டு வீடுகளை அடையாளங்கண்டனர். வாழ்பவர் யார் என்னும் அறிவே அழிவுக்கு வழிகாட்டியது. வெள்ளவத்தையிற் சொந்த வீடும் வாடகை வீடும் ஒருங்கே எரிந்தன; உறுதிப்பத்திரம் எவரையும் காக்கவில்லை. தலைமுறைகளாக வாழ்ந்தோர் ஒரு பகலில் வழிப்போக்கராக்கப்பட்டனர்.

தோலேடு ஒன்று கலகக்காரரைத் தடுத்திருக்கும் என்று நாம் கூறவரவில்லை. மைமோனிடீசும் அவ்வாறு கூறார். ஆயின் அதன் பின்னுள்ள விதி எமது சிந்தனைக்கு உரியது. கொடையால் வரும் உரிமை கொடுத்தவனோடு போகும். உடைமையால் வரும் உரிமை உடையாரோடு நின்றுவிடும். முப்பது நாள் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தவர் அவ்விடத்துக்கு உரியவர் என்னும் பழைய முடிபு, குடியுரிமையையும் குடியிருப்பையும் பிறப்பாலும் பத்திரத்தாலும் மட்டும் அளக்கும் அரசுகளுக்கு இன்றும் ஒரு மறுமொழியாக நிற்கின்றது. மாவிலையும் ஓலைச் சிலுவையும் அரபு எழுத்தும் அடுத்தடுத்து நிற்கும் அவ்வொழுங்கைகளில், எவரும் தம் வாசற்குறியைக் கழற்ற நேராத நிலையை உண்டாக்குதல் அங்கு வாழ்வோர் அனைவரதும் கடமையாகும்.