ஒரே 5டபிள்யூ-30, இரண்டு கண்டங்கள்

என் சித்தப்பா சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறார். 2021 மாடல் டீசல் வண்டி. போன மாதம் ஆயில் மாற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரப் பையன் இரண்டு கேன்களை எடுத்து வைத்தான். இரண்டிலும் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தது. இரண்டிலும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்றும் போட்டிருந்தது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட ஒன்றரை மடங்கு. கேட்டால், "அது யூரோப்பியன் ஸ்பெக் அண்ணே. ஆனா ரெண்டும் ஒண்ணுதான், இதையே ஊத்துங்க" என்று விலை குறைந்ததைத் தள்ளினான்.

ஒன்றுதான் என்றால் விலை ஏன் இரண்டு? பி.காம் படிக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் எங்களுக்குக் கை அரிக்கும் :) அப்படித் தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது. கெமிஸ்ட்ரி கதை என்று நினைத்துப் போனேன். பாதிக்கு மேல் வரலாறும் வணிகமும்தான்.

முதலில் அந்த எண். எஞ்சின் ஆயிலை அதன் பாகுநிலையை வைத்துத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்காவின் ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911ல் தொடங்கியது. 5டபிள்யூ என்பது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். 30 என்பது எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. அவ்வளவுதான். அந்த ஆயில் கசடைத் தடுக்குமா, எத்தனை கிலோமீட்டர் தாங்கும், எரிந்தால் எவ்வளவு சாம்பல் விடும் என்பதெல்லாம் இந்த எண்ணில் கிடையாது. சட்டையின் சைஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 என்றால் துணி பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியாதல்லவா?

அடுத்தது 'சிந்தெடிக்'. செயற்கை ஆயில் வேகம் பிடித்தது இரண்டாம் உலகப்போர் காலத்தில். கச்சா எண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்த ஜெர்மனி, ஆய்வுக்கூடத்தில் செயற்கை உராய்வெண்ணெய்களை உருவாக்கியது. போருக்குப் பிறகு அவை ஜெட் எஞ்சின்களில் பயன்பட்டன. சாதாரண கார்களுக்கு அவை பெரிய அளவில் வந்தது 1970களில்தான். அமெரிக்காவில் ஆம்ஸாயில் 1972ல் வந்தது. மொபில் 1 வந்தது 1974ல். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியிருந்தன. பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஆயில் என்று விளம்பரம் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

இந்த இடத்தில்தான் இரண்டு கண்டங்களும் வெவ்வேறு பாதையில் பிரிகின்றன.

அமெரிக்காவில் 1974ல் நெடுஞ்சாலை வேகத்துக்கு நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வரம்பு வந்தது. 1975ல் வந்த சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் ஒரு காலனுக்கு 27.5 மைலை, அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டரை, எட்ட வேண்டும் என்றது. ஆயில் நீர்த்திருந்தால் எஞ்சினுக்கு உராய்வு குறையும். மைலேஜ் கொஞ்சம் கூடும். ஒரு காருக்கு அது அற்பம்தான். ஆனால் லட்சக்கணக்கான கார்களின் சராசரியில் அது பெரிய தொகை. அதனால் அமெரிக்க கார் கம்பெனிகள் வர வர நீர்த்த ஆயில்களுக்குப் போயின. 2001 வாக்கில் ஃபோர்டும் ஹோண்டாவும் அங்கே 5டபிள்யூ-20க்கு மாறின. ஆயிலை அடிக்கடி மாற்றும் பழக்கமும் அங்கே இருந்தது. 3,000 மைலுக்கு ஒருமுறை என்பது நெடுங்காலம் கிட்டத்தட்ட வேதவாக்காக இருந்தது.

ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பல பகுதிகளுக்குப் பொதுவான வேக வரம்பே கிடையாது. சின்ன எஞ்சின், பெரிய வேகம், மணிக்கணக்கான ஓட்டம். டீசல் கார்களும் அதிகம். அதோடு ஆயில் மாற்றும் இடைவெளியையும் நீட்டிக்கொண்டே போனார்கள். ஃபோக்ஸ்வாகனின் 'லாங்லைஃப்' திட்டத்தில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை போகலாம். அதைத் தாங்கக்கூடிய ஆயில்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இந்த வித்தியாசத்தை ஒரே ஒரு சோதனையில் பார்க்கலாம். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்குவதுபோல ஆயிலைக் கடுமையாக நசுக்கி, அப்போதும் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளக்கிறார்கள். இதற்கு எச்டிஎச்எஸ் என்று பெயர். எஸ்ஏஇ கணக்குப்படி 5டபிள்யூ-30 என்று போட்டுக்கொள்ள 2.9 இருந்தால் போதும். ஐரோப்பாவின் ஏ3/பி4, சி3 வகைகளுக்குக் குறைந்தது 3.5 வேண்டும். கேனில் ஒரே எண். சூட்டிலும் அழுத்தத்திலும் சுமார் 20 சதவீத வித்தியாசம்!

சரி, இந்த விதிகளை எழுதுவது யார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்காவில் எண்ணெய் கம்பெனிகளின் அமைப்பான ஏபிஐ உரிமம் தருகிறது. கேனில் வட்ட முத்திரை இருந்தால் ஏபிஐயிடம் காசு கட்டி உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். கடைகளில் விற்கும் ஆயிலை ஏபிஐயே வாங்கிச் சோதிப்பதும் உண்டு.

ஐரோப்பாவில் பேனா கார் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1972ல் அவர்கள் சிசிஎம்சி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் எந்த முடிவுக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய கார் இறக்குமதி விவகாரத்தில் பெஜோவின் தலைவர் ஜாக் கால்வே மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் மற்றவர்கள் சங்கத்தையே கலைத்துவிட்டு, 1991ல் ஏசிஇஏ என்ற புதிய சங்கத்தை, பெஜோ இல்லாமல், பெரும்பான்மை ஓட்டு முறையில் தொடங்கினார்கள். (பெஜோ பிறகு வந்து சேர்ந்துகொண்டது.) அந்தப் புதிய சங்கம் 1996ல் வெளியிட்டதுதான் இன்று கேன்களில் நாம் பார்க்கும் ஏசிஇஏ வகைகளின் முதல் பட்டியல். கார் இறக்குமதிச் சண்டையில் பிறந்த சங்கத்தின் பெயர் ஆயில் கேனில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏசிஇஏ யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. சோதனைகளை முடித்து, தங்கள் ஆயில் தேறியது என்று கம்பெனிகளே அறிவித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்று ஒவ்வொரு கார் கம்பெனியும் தனியாக ஓர் ஒப்புதல் எண் வைத்திருக்கிறது. அங்கே உண்மையான காவல்காரன் அந்த எண்தான்.

ஐரோப்பிய எஞ்சினுக்கு அமெரிக்கப் பழக்கம் ஒத்துக்கொள்ளுமா? 1998 முதல் 2001 வரையிலான மெர்சிடிஸ் மாடல்களில் ஆயில் மாற்றும் நேரத்தை வண்டியே சொல்லும் வசதி இருந்தது. அந்த நீண்ட இடைவெளிக்கு சிந்தெடிக் ஆயில்தான் தேவை என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, சாதாரண ஆயில் ஊற்றியதால் எஞ்சின் தேய்ந்தது என்று அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2003ல் பென்சில்வேனியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றுக்கொண்டது. 2004ல் ஃபோக்ஸ்வாகன், 1.8 டர்போ எஞ்சின் பஸாட் கார்களுக்கு ஆயில் கசடுப் பிரச்சினைக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகளாக நீட்டித்தது. கேனின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்துக்கு இவ்வளவு விலை.

அப்படியானால் ஐரோப்பிய வகைதான் 'நிஜமான' சிந்தெடிக்கா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. 1990களின் பிற்பகுதியில் காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில், ஆய்வுக்கூடத்தில் கட்டியெடுத்த பிஏஓ அடிப்படை எண்ணெய்க்குப் பதிலாக, கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியது. இதை சிந்தெடிக் என்பது தவறு என்று அமெரிக்க விளம்பரத் துறையின் தீர்ப்பாயத்துக்கு மொபில் போனது. 1999ல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அன்றிலிருந்து அங்கே 'சிந்தெடிக்' என்பது கிட்டத்தட்ட ஒரு விளம்பரச் சொல். ஜெர்மனியில் மட்டும் குரூப் 3 ஆயிலுக்கு 'முழு சிந்தெடிக்' என்று போட விடுவதில்லை. 'எச்சி-சிந்தெடிக்' மாதிரி வேறு பெயர் போடுகிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற ஆயில்களிலும் குரூப் 3 நிறையவே உண்டு. வித்தியாசம் அடிப்படை எண்ணெயில் அல்ல, எந்தப் பரீட்சையில் பாஸானது என்பதில்.

சித்தப்பாவின் வண்டிக்கு வருகிறேன். டீசல் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியை 2000ல் பெஜோ 607 காரில் வைத்தார்கள். யூரோ 5 விதிகள் 2009ல் வந்தபோது அது இல்லாமல் டீசல் கார் விற்க முடியாத நிலை. இந்த வடிகட்டிக்கு ஓர் எதிரி உண்டு: ஆயில் எரிந்து விடும் சாம்பல். கரியை எரித்து அகற்றலாம்; சாம்பலை முடியாது. அது சேர்ந்து சேர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதற்காகவே 2004ல் ஏசிஇஏ, சாம்பல் குறைந்த 'சி' வகைகளைக் கொண்டுவந்தது. சி3ல் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் அதிகமுள்ள எரிபொருளுக்கு இந்த ஆயில் சரிவராது. அதனால்தான் பிஎம்டபிள்யூ தன் லாங்லைஃப்-04ஐ பெட்ரோல் எஞ்சின்களுக்கு ஐரோப்பாவில் மட்டுமே அனுமதித்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டீசலில் கந்தகம் 10 பிபிஎம் ஆனது. கூடவே அந்த வடிகட்டியும் நம் டீசல் கார்களுக்கு வந்துவிட்டது.

இப்போது ஐரோப்பாவும் நீர்த்த ஆயில் பக்கம் திரும்பிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு வரம்புகள் இறுகியதும் 2016ல் சி5 வகை வந்தது. அதில் எச்டிஎச்எஸ் 2.6 இருந்தாலே போதும். ஆகவே 'யூரோப்பியன் என்றால் கெட்டி' என்ற மனக்கணக்கும் இனி செல்லாது.

கடையில் நின்றபடியே வண்டியின் மேனுவலைப் புரட்டினோம். ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று தெளிவாகப் போட்டிருந்தது. விலை குறைந்த கேனில் ஏபிஐ முத்திரை மட்டும்தான். பெட்ரோல் எஞ்சினுக்கான வகை. பக்கத்து வீட்டு பெட்ரோல் காருக்கு அது அருமையான ஆயிலாக இருந்திருக்கலாம். சித்தப்பா ஒன்றும் பேசாமல் விலை அதிகமான கேனைத் தூக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "இத்தனை வருஷமா நம்பரை மட்டும்தான்டா பார்த்து வாங்கிட்டிருந்தேன்."

உங்கள் வீட்டு வண்டியின் மேனுவலும் எங்காவது டேஷ்போர்டுக்குள் கிடக்கும். அடுத்த முறை ஆயில் மாற்றும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்.