இரண்டு ஒளிகளின் கழித்தல் கணக்கு

1895இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜெகதீச சந்திர போஸ் மின்பொறியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் குறுகிய அலைகளை எழுப்பினார். அலையின் நீளத்தைத் தீர்மானித்தது பொறி தாவிய உலோக உருண்டையின் அளவு. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மைக்ரோவேவின் வரலாறு உலோக அளவுகளின் வரலாறாகவே இருந்தது.

செஞ்சிப் பக்கத்து வல்லம் என் ஊர். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் மைக்ரோவேவ் லேபைப் பார்த்துக்கொண்டேன். அங்கே 2கே25 கிளைஸ்ட்ரான் வால்வுதான் எங்கள் மூலவர். முதலில் ஃபேனைப் போட வேண்டும். பிறகுதான் பீம் வோல்டேஜ். ரிப்பெல்லர் வோல்டேஜை மெல்லத் திருப்பும்போது மீட்டர் முள் எழும். ஃப்ரீக்வென்சி மீட்டரைச் சுற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் சட்டென்று விழும், அதுதான் அதிர்வெண். வால்வின் உள்ளறையைத் திருகால் நெருக்கியும் தளர்த்தியும் பார்த்தாலும் 8.5 முதல் 9.66 கிகாஹெர்ட்ஸ் வரைதான் போகும்.

உலோகத்தை விட்டு வெளியேறும் வழி 1955இல் திறந்தது. ஃபாரஸ்டர், குட்மன்ட்சென், ஜான்சன் என்ற மூவர் பாதரச விளக்கைக் காந்தப்புலத்தில் வைத்தார்கள். அதன் பச்சை ஒளி மிக நெருங்கிய அதிர்வெண்களாகப் பிரிந்தது. அவை ஒளியுணர் பரப்பில் சேர்ந்து விழுந்தபோது, இரண்டின் வித்தியாசமான சுமார் 10 கிகாஹெர்ட்ஸ் மின்துடிப்பாக வெளிவந்தது. சுதி சற்றே விலகிய இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கையில் எழும் அலைவு போன்றதுதான் இது. ஆனால் விளக்கொளியில் அந்தத் துடிப்பு இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது, பெரும்பாடுபட்டே பிரித்தெடுத்தார்கள்.

1960இல் லேசர் வந்தது. இரண்டே ஆண்டுகளில் லேசர் ஒளிகளைக் கலந்து இந்தத் துடிப்பைத் தெளிவாகப் பிடித்துவிட்டார்கள். ஃபைபர் தொடர்புக்கான 1,550 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 193 லட்சம் கோடி. இரண்டு லேசர்களில் ஒன்றின் சில்லை ஒரு டிகிரி சூடேற்றினால் அதன் அதிர்வெண்ணும், அதோடு வித்தியாசமும், சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் நகரும். எங்கள் கிளைஸ்ட்ரானின் மொத்த வீச்சும் பத்தில் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும்!

எளிதில் நகர்வது எளிதில் பிசகும். தனித்தனி லேசர்கள் ஒரு நிலையில் நிற்பதில்லை, வித்தியாசமும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கியதுதான் பிற்கால வரலாறு. 1990களில் ஸ்டீவ் யாவோவும் லூட் மலேக்கியும் நீண்ட ஃபைபர் சுருளையே மைக்ரோவேவை எழுப்பும் ஊசலியின் அங்கமாக்கினார்கள். சுருளில் ஓடிய ஒளி மின்சைகையாகி, அதே லேசர் ஒளியைப் பண்பேற்றத் திரும்பிவரும். சுருள் நீண்டால் சைகை தூய்மையாகும். இந்த வளையத்தின் வடிகட்டியை மாற்றினால் அதிர்வெண் மாறும். 2011இல் அமெரிக்கத் தர நிறுவனத்தார், அசையாத லேசரின் அதிர்வெண்ணை ஒளிச்சீப்பால், அதாவது சம இடைவெளியில் அமைந்த ஒளி அதிர்வெண்களின் வரிசையால், வகுத்து, மிகத் தூய 10 கிகாஹெர்ட்ஸைப் பெற்றார்கள்.

அதற்காக எங்கள் லேபின் கிளைஸ்ட்ரானை அறைமூலையில் போட்டுவிடக் கூடாது. அதன் பக்கத்திலேயே இரண்டு லேசர்களும் ஒரு ஃபோட்டோடையோடும் இருக்க வேண்டும். திருகிலிருந்து கழித்தலுக்கு வந்த பாதையை எங்கள் வட்டாரப் பிள்ளைகள் ஒரே மேசையில் பார்க்கட்டும். லேசர் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே, வெறும் விளக்கை வைத்து அந்தக் கழித்தலைச் செய்து காட்டிய மூவரின் பெயரையும் அங்கேதான் சொல்லித்தர வேண்டும்.