புதூர்நாட்டு பச்சை போனில் ஏன் வெளிறிப்போகுது? தோட்டம், இயற்கை போட்டோக்களை எடிட் செய்ய கற்றுக்கொள்வது எப்படி?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மலை கிராமங்கள் வரிசையாக வரும். சாமை வயல், பலா மரம், வேலியோரம் செங்காந்தள் என்று போகிறவர்கள் எல்லாம் போனை எடுத்துவிடுவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வெள்ளையாகவும், மரம் கருப்பாகவும், பூ வெறும் சிவப்புத் திட்டாகவும் இருக்கும். இதை எடிட்டிங்கில் எவ்வளவு சரி செய்யலாம்? எங்கே நிறுத்த வேண்டும்? பார்க்கலாம்.

போட்டோ ஏன் கண்ணில் பார்த்தது போல வருவதில்லை?

நம் கண் வெயிலையும் நிழலையும் ஒரே நேரத்தில் சமாளித்துவிடும். போன் கேமராவால் அந்த அளவுக்கு முடியாது. வானத்துக்கு வெளிச்சத்தை சரி செய்தால் மரம் இருட்டாகும். மரத்துக்கு சரி செய்தால் வானம் வெளுத்துவிடும்.

இன்னொரு காரணம், ஃபைல். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் 'ரா' ஃபைலில் 16,384 படிகள். அதனால் இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் இலையை 'ரா' ஃபைலிலிருந்து மீட்பது சுலபம். பல போன்களில் 'ப்ரோ' மோடில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் போனிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த ஆப்பில் தொடங்கலாம்?

* ஸ்னாப்சீட்: கூகுளின் இலவச ஆப். புதிதாக கற்றுக்கொள்பவர்களுக்கு இதுவே போதும்.
* லைட்ரூம் மொபைல்: அடோபி நிறுவனத்துடையது. அடிப்படை கருவிகள் இலவசம், சிலவற்றுக்கு மட்டும் கட்டணம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக மாற்றலாம்.
* கிம்ப், டார்க்டேபிள்: கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் இலவச மென்பொருட்கள். 'ரா' ஃபைலை டார்க்டேபிளில் சரி செய்துவிட்டு, நுணுக்கமான வேலைக்கு கிம்ப் போகலாம்.

ஒரே நேரத்தில் நாலு ஆப் இறக்கிக் குழம்ப வேண்டாம். ஒரே ஆப், ஒரே போட்டோ, அதையே பத்து முறை எடிட் செய்து பழகுவதுதான் சீக்கிரம் கைகொடுக்கும்.

எந்த வரிசையில் எடிட் செய்வது?

1. முதலில் கோணம். மலைச்சரிவில் நின்று எடுத்த படம் பெரும்பாலும் சாய்ந்திருக்கும். நேராக்கிவிட்டு, ஓரத்தில் தெரியும் மின்கம்பியையோ பிளாஸ்டிக் கவரையோ கிராப் செய்யுங்கள்.

2. அடுத்து வைட் பேலன்ஸ். நண்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின். மர நிழலில் அது 7,000-க்கு மேல் போகும், அதாவது நீலம் கூடும். கூடவே இலைகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எல்லாவற்றிலும் பச்சை பூசிவிடும். படத்தில் தும்பைப் பூ மாதிரி வெள்ளையான பொருள் இருந்தால் அதை வெள்ளையாகக் காட்டும் வரை நகர்த்துங்கள். மற்ற நிறங்கள் தானாக சரியாகும்.

3. பிறகு வெளிச்சம். 'ஹைலைட்ஸ்' குறைத்தால் வானம் கொஞ்சம் திரும்பி வரும். 'ஷேடோஸ்' கூட்டினால் இருட்டு இலைகள் தெரியும். ரொம்ப கூட்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும், கவனம். முழுக்க வெளுத்துப்போன இடத்தை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. அதனால் எடுக்கும்போதே வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுப்பது நல்லது.

4. நிறம் கடைசிக்கு முன்னாடிதான். 'சாச்சுரேஷன்' எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஏற்றும். 'வைப்ரன்ஸ்' மங்கலாக இருக்கும் நிறங்களை மட்டும் தூக்கிவிடும். தோட்டப் படத்துக்கு வைப்ரன்ஸ் பாதுகாப்பானது. பச்சை மட்டும் கண்ணைக் குத்தினால், லைட்ரூமின் கலர் மிக்ஸில் பச்சையை மட்டும் குறைக்கலாம்.

5. ஒரு இடத்தில் மட்டும் மாற்றம் வேண்டுமா? ஸ்னாப்சீடில் 'செலக்டிவ்' கருவியை எடுத்து பூவின் மேல் தொட்டால், அந்தப் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் மாற்றலாம்.

6. ஷார்ப்னெஸ் கடைசியில், அதுவும் கொஞ்சமாக. கூடினால் இலை ஓரமெல்லாம் வெள்ளைக்கோடு விழும்.

மூடுபனிப் படத்தில் 'டீஹேஸ்' கருவியை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். பனியே போய்விட்டால் அது அதிகாலை மலை என்று யாருக்குத் தெரியும்?

கலர் ஏற்றினால் என்ன தப்பு?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளையே எடுத்துக்கொள்வோம். இதன் இதழ் பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சாகி, பிறகு சிவப்பாகும். பூவின் வயதை நிறமே சொல்லிவிடும். சாச்சுரேஷனை ஏற்றினால் இந்த மாற்றம் முழுவதும் ஒரே சிவப்பில் கரைந்துவிடும். செடி, பறவை, பூச்சிகளை அடையாளம் காண உதவும் 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற தளங்களில் போட்டோ ஒரு பதிவு. அங்கே நிறம் பொய் சொன்னால், பெயரும் தப்பாகிவிடும்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் புகைப்படப் போட்டியிலும் கிராப், வெளிச்சம் போன்ற சின்ன திருத்தங்களுக்கு அனுமதி உண்டு. படத்தில் இல்லாததைச் சேர்ப்பதற்கோ, இருப்பதை நீக்குவதற்கோ அனுமதி இல்லை.

சூழலியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) கருப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். உங்கள் படத்தையும் ஒரு நிமிடம் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் படத்தில் வெளிச்சமும் வடிவமும் சரியாக இருக்கிறது. இல்லையென்றால் கலர் ஏற்றுவதால் மட்டும் அது தேறாது.

பகிரும் முன் இதைக் கவனிங்க

ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பேர்போனது. சந்தன மரக் கடத்தலும் இங்கே நீண்ட நாள் பிரச்னை. போனில் லொகேஷன் ஆன் செய்து எடுத்த படத்துக்குள் அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் பதிவாகியிருக்கும். சந்தன மரம், அரிய ஆர்க்கிட், பறவைக் கூடு போன்ற படங்களை அப்படியே அனுப்பினால் வழியையும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். பகிரும் முன் லொகேஷனை நீக்குங்கள். கேப்ஷனிலும் மலையின் பெயர் போதும், எந்த ஓடை, எந்தப் பாறை என்று எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று: ஒரிஜினல் படத்தின் மேலேயே சேமிக்காமல், எப்போதும் தனி காப்பியாக சேமியுங்கள். எடிட் செய்ததை மறுநாள் காலையில் ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேற்று அழகாகத் தெரிந்த பச்சை இன்று பெயின்ட் அடித்த மாதிரி தெரிந்தால், பாதி குறைத்துவிடுங்கள்.