வெள்ளி இரவுப் பத்திரிகை

பள்ளிப் பத்திரிகை என்றால் ஆண்டு விழா, விளையாட்டு, கவிதை... நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இது வேறு கதை நண்பர்களே!

1942 டிசம்பர். நாஜிகள் பிடித்திருந்த செக் நாட்டில், தெரேசின் முகாம். யூதப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவே தடை. அங்கே பழைய பள்ளிக் கட்டடத்தில் அடைபட்ட சிறுவர்கள் 'வேதெம்' என்ற வார இதழைத் தொடங்கினார்கள். இதழாசிரியர் பெட்ர் கின்ஸுக்கு வயது 14!

ஒரே ஒரு பிரதிதான். வெள்ளி இரவு கூடி உட்கார்ந்து வாசிப்பார்கள். முகாமின் ரொட்டிக்கூடம், பிணம் எரிக்கும் இடம் என்று சுற்றிப் பார்த்து எழுதினான் பெட்ர். 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான். கூட இருந்தவர்களில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை.

ஒரு மாணவன் ஒளித்துக் காத்த சுமார் 800 பக்கங்கள் மிஞ்சின. வாராவாரம் எழுதியதால்தான் இன்று அவர்கள் நமக்கு வெறும் எண்ணிக்கை இல்லை.