சுமைதாங்கிக் கணக்கு

லாரியும் பஸ்ஸும் ஓடத் தொடங்குமுன், மதுரைச் சந்தைக்கு வந்த சரக்கு மாட்டுவண்டியிலும் மனிதர் தலையிலும்தான் வந்தது. மேலூர்ப் பக்கமிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ சும்மாட்டின் மேல் நெல்மூட்டையையோ விறகுக்கட்டையோ ஏற்றிக்கொண்டு தனியே புறப்பட்டவருக்கு நடப்பதைவிட நிற்பதுதான் பெரும்பாடு. ஆளில்லாமல் இறக்கினால் கட்டு அவிழும், மூட்டை கிழியும். இறக்கிவிட்டாலும் தூக்கிவிட ஒருவர் வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். இதற்கு வழி கண்டது சுமைதாங்கி. நட்டு நிற்கும் இரண்டு கற்கள், அவற்றின் மேல் கிடையாக ஒரு பலகைக்கல். உயரம் ஏறக்குறைய மார்பளவு. முழங்காலைச் சற்று மடக்கித் தலையைச் சாய்த்தால் பாரம் கல்லுக்கு மாறிவிடும். புறப்படும்போது தலையைக் கொடுத்தால் திரும்ப ஏறிக்கொள்ளும். இன்னொரு கை தேவையில்லை.

இந்தக் கற்களில் பலவற்றை நட்டவை துக்கம் நடந்த வீடுகள். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே என்று வீட்டார் மருகுவார்கள். வழியில் போகிறவர் சுமை இறங்கும்போதெல்லாம் அவள் சுமையும் குறையும் என்பது நம்பிக்கை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். வழிப்போக்கருக்குச் செய்யும் தருமம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1689இல் ஆட்சிப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாளின் பெயரில் ஒரு சாலையே வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரமும் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளோ தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டதோடு, நீர் இறைப்பவருக்கும் கலம் வனைந்து தரும் குயவருக்கும் தனித்தனியே பங்கு எழுதிவைத்தன. சாலையும் சத்திரமும் அரசியால் ஆகும். பந்தலுக்கு நிலமாவது வேண்டும். சுமைதாங்கிக்கு மூன்று கல் போதும்.

புண்ணியத்துக்காகச் செய்வது தொண்டாகுமா என்று கேட்கலாம். பழைய கேள்விதான். இப்பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று அறத்தை வியாபாரமாக்குகிறவன் அல்லன் ஆய் அண்டிரன் என்று, முடமோசியார் புறநானூற்றில் பாராட்டுகிறார். அந்த அளவுகோலில் சுமைதாங்கிக்காரர்கள் தேறமாட்டார்கள். ஆனால் பலனை அவர்கள் யாரிடம் எதிர்பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். சுமை இறக்கியவரிடம் அல்ல. அவர் கும்பிட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம், நட்டவர் யாரென்று தெரியக்கூட வேண்டாம். கொடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிடும் கூச்சம் சத்திரத்துச் சோற்றில் உண்டு, கல்லில் இல்லை. பலன் வேறிடத்திலிருந்து வரும் என்று நம்பியதால்தான், பெற்றவர் கடன்படாமல் போக முடிந்தது என்பேன்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வழித் தருமத்திலும் சாதி இருந்தது. பல சத்திரங்களில் பந்தி வேறு. தண்ணீர்ப் பந்தலில் சிலருக்குச் செம்பும் சிலருக்கு ஏந்திய கையில் எட்டி ஊற்றும் நீரும். மறுப்பதற்கில்லை. கல்லை நட்டவர்களும் சமத்துவம் பேசியவர்கள் அல்லர். ஆயினும் பந்தலில் பாகுபாடு செய்தது ஊற்றிய கை. கல்லடியில் நின்று யார் நீ என்று கேட்க ஆள் கிடையாது. வைத்தவர் மனத்தைவிட வைத்த பொருள் விசாலமாக இருந்துவிட்டது.

இன்று கற்களுக்கு வேலை இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது சில பெயர்ந்தன, சில மண்மேட்டில் பாதி புதைந்தன. தருமம் செய்யும் ஆசை மட்டும் போகவில்லை. சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழியெங்கும் மண்டகப்படிக்காரர்களும் தெருக்காரர்களும் பானகமும் நீர்மோரும் ஊற்றுகிறார்கள்; கொடுப்பவர் படம் மோர்ப்பானையைவிடப் பெரிதாக இருக்கும் பந்தல்களும் உண்டு, மோர் என்னவோ குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கற்களுக்காக வருந்த வேண்டியதில்லை. மணிமேகலை சொல்லும் ஆபுத்திரன் இதே மதுரையில் பிச்சையெடுத்து, பார்வையற்றோருக்கும் நடக்க இயலாதோருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தை உண்டவன். அதற்குச் சிந்தாதேவி கொடுத்த பரிசு அள்ளக் குறையாத அமுதசுரபி, அதாவது இன்னும் கொடுக்கும் வசதி. பிறகு பாண்டிய நாட்டில் மழை கொட்டி விளைச்சல் பெருகியதும் அவனிடம் உண்ண வர ஆளில்லை. அவன் கலங்கினான், ஊருக்கு அது நல்ல காலம்.