வாக்குத்தத்தம்: ஓர் அட்டையின் கதை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிய நள்ளிரவு தாண்டிவிடும். கேக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தட்டு வரும். அதில் குப்புறக் கவிழ்த்த சின்னச் சின்ன அட்டைகள். வீட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்பது சபையைப் பொறுத்தது. எடுத்த கையோடு பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: “உங்களுக்கு என்ன வசனம் வந்துச்சு?”

தமிழகத்துப் புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் புத்தாண்டு இப்படித்தான் பிறக்கிறது. அட்டை பிறகு வேதாகமத்துக்குள் போகும், அல்லது கல்லாப்பெட்டி மூடியின் உட்புறத்திலும் ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டிக்கொண்டு வருடம் முழுக்க வெளிறும். அதன் பெயர் வாக்குத்தத்த அட்டை.

சபைக்கு வெளியே இந்தச் சொல்லை யாரும் அவ்வளவாகப் புழங்குவதில்லை. தேர்தலில் தருவது வாக்குறுதி. 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பும் வாக்குறுதி என்றே எழுதுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள் மட்டும் வாக்குத்தத்தத்தை விடவில்லை.

விடாததில் நியாயம் இருக்கிறது. தத்தம் என்றால் வடமொழியில் ‘கொடுக்கப்பட்டது’. தத்துப்பிள்ளையின் தத்தும் அதே வேரில் பிறந்ததுதான். நீர் வார்த்துத் தானம் கொடுப்பதைத் தத்தம்பண்ணுதல் என்பார்கள். வாக்தத்தை என்பவள் பேச்சால் நிச்சயிக்கப்பட்ட பெண். தாலி இன்னும் ஏறவில்லை, ஆனால் பெண்ணைக் கொடுத்தாயிற்று. ‘தருவேன்’ என்ற எதிர்காலம் இந்தச் சொல்லில் இல்லை. தந்தாயிற்று, கைக்கு வந்து சேருவதுதான் பாக்கி.

கூடவே வரும் வினைச்சொல் இன்னும் சுவையானது. வாக்குத்தத்தத்தைச் ‘சுதந்தரிப்பது’ என்பார்கள். விடுதலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிதிரார்ஜிதமாகப் பெறுவது என்று பொருள். களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்களுக்கு ஒதுக்கிய உரிமைப் பங்குக்கும் ஒருகாலத்தில் சுதந்திரம் என்றுதான் பெயர். ஆக, விசுவாசத்தைச் சொல்ல வந்த தமிழ், தானத்திலும் சொத்துரிமையிலும் புழங்கிய சொற்களை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரு வசனத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஜெர்மனியில் ஒரு மூத்த உறவு உண்டு. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728 மே 3 மாலை, சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வரியைச் சபையாரிடம் கொடுத்தார். அதன்பின் தினந்தோறும் ஒரு வரி வீடு வீடாகப் போய்ச் சொல்லப்பட்டது. 1731இல் நூலாக அச்சேறி, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. இப்போதும் அங்கே பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டெடுத்துத்தான் தேர்கிறார்கள். மொராவியர் எனப்படும் அந்தச் சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.

சீட்டெடுப்பது என்றதும் சிலருக்குக் கிளி ஜோசியம் நினைவுக்கு வரும். அட்டை எடுக்கும் வழக்கத்தையே கண்டிக்கும் போதகர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. அட்டையில் பாபிலோன் சாபம் வருவதில்லை. இனிப்பான வரிகளாகப் பொறுக்கித்தான் அச்சடிக்கிறார்கள். நல்ல முடிவைத் தருவேன் என்னும் எரேமியா 29:11 அதில் நிரந்தர நட்சத்திரம். அதற்கு முந்திய வசனமோ எழுபது வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்பதுதான் அதன் முதல் புத்திமதி. அந்தக் கடிதத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். மருந்துச்சீட்டையும் பள்ளிக் கட்டண ரசீதையும் வைத்திருக்கும் பர்ஸிலேயே அட்டையையும் வைத்திருப்பவருக்கு இந்தக் கடிதம் ஒன்றும் அந்நியமாக இருக்காது.

கடிதம் எழுதிய எரேமியா, வாக்கை நம்பிக் காத்திருப்பதைத் தானே செய்தும் காட்டினார். எருசலேம் முற்றுகையில் கிடக்கிறது, அவரோ காவலில். அந்த நிலையில் ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பெரியப்பா மகனிடமோ சித்தப்பா மகனிடமோ, பங்காளி ஒருவரிடம் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சி வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். விவரம் எரேமியா 32ஆம் அதிகாரத்தில்.