த பியூட்டிபுல் லெட்டவுன் (இசை அல்பம்)

அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த சுவிட்ச்புட் என்ற றொக் இசைக்குழுவின் நான்காவது அல்பம். 2003 பெப்ரவரி 25 அன்று வெளியானது. ஜோன் போர்மன், அவர் தம்பி ரிம் போர்மன், சாட் பட்லர் மூவரும் 1996இல் தொடங்கிய குழு இது. முதல் மூன்று அல்பங்களும் பெரும்பாலும் கிறிஸ்தவ இசைச் சந்தைக்குள்ளேயே விற்றன. 2002இல் ‘எ வோக் டு ரிமெம்பர்’ திரைப்படத்தில் இவர்களின் பாடல்கள் இடம்பெற்ற பின்னரே வெளிக் கதவு திறந்தது. அடுத்து வந்த இந்த அல்பத்தைக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது.

வெற்றி மெல்லத்தான் வந்தது. கனத்த கிற்றார் ஒலியோடு தொடங்கும் ‘மென்ட் டு லிவ்’, ரி. எஸ். எலியட்டின் ‘தி ஹாலோ மென்’ கவிதையின் தாக்கத்தில் பிறந்தது. அது பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 18ஆம் இடத்தைத் தொட்டது. 17ஆம் இடம்வரை ஏறிய ‘டேர் யூ டு மூவ்’ புதிய பாடலே அல்ல. 2000ஆம் ஆண்டு அல்பத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் மறுபடி பதிவு செய்தார்கள். அல்பம் பில்போர்ட் 200இல் 16ஆம் இடத்தைப் பிடித்து, அமெரிக்காவில் 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

மடு மாதா திருவிழாப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த வன்னிக் காதுக்கு இந்த அல்பத்தின் பாடல்கள் பக்திப் பாடல்களாகவே படா. இறைவன் பெயரை முன்நிறுத்தாமல், வாழ்வில் ஏதோ குறைகிறது என்ற ஏக்கத்தையே அவை பாடுகின்றன. வானொலிகள் தயங்காமல் ஒலிபரப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். 2023இல் குழுவினர் முழு அல்பத்தையும் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டனர்.